வானத்தின் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

என் பெண் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவள் மேஜைக்கு மேலே சுவரில் ஒரு படம் ஒட்டி வைத்திருக்கிறாள். ஓரியன் நெபுலா. ரோஸ், ஊதா, ஆரஞ்சு, நடுவில் பளீரென்று வெள்ளை. ஒரு நாள் "அப்பா, இது நிஜக் கலரா?" என்று கேட்டாள். நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே "பின்னே? நாசா படமாச்சே" என்று சொல்லிவிட்டேன். கையெழுத்தைப் போட்டுவிட்டு அப்புறம் வவுச்சரைப் படிக்கிற கெட்ட பழக்கம் வீட்டிலும் தொடர்கிறது.

மாட்டிக்கொண்டது போன டிசம்பரில். நான் இப்போது இருப்பது கட்ச் மாவட்டம், புஜ். (விருதுநகர்க்காரனை பேங்க் எங்கெல்லாம் தூக்கிப் போடும் என்பது தனிப் பதிவுக்கான விஷயம்.) எங்கள் கிளைக்கு பென்ஷன் வாங்க வரும் ஓய்வுபெற்ற பிசிக்ஸ் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரை சாஹேப் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் ஆறு அங்குல டெலஸ்கோப் ஒன்று உண்டு. அமாவாசையை ஒட்டி காவ்டா போகும் சாலையில் இருட்டான இடமாகப் பார்த்து அதை நிறுத்துவார். ஒரு சனிக்கிழமை எங்களையும் கூட்டிப்போனார். ஒரு விளக்குகூட இல்லாத வெட்டவெளி. சின்ன வயதில் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு பார்த்த அதே மூன்று நட்சத்திர வரிசை. பக்கத்தில் பாட்டி காட்டித் தந்த திருவாதிரை, சிவப்பாக. மூன்றுக்கும் கீழே கொஞ்சம் மங்கலாக இருந்த இடத்துக்கு டெலஸ்கோப்பைத் திருப்பி, "பாரு பேட்டா" என்றார் சாஹேப்.

பெண் பார்த்தாள். நானும் பார்த்தேன். கண்ணாடியில் யாரோ மூச்சு விட்ட மாதிரி ஒரு சாம்பல் பூச்சு. நடுவில் நெருக்கமாக நாலு நட்சத்திரம். ரோஸும் இல்லை, ஊதாவும் இல்லை.

"அப்போ அந்தப் படம் ஏமாத்தா?" என்றாள் என்னைப் பார்த்து. சாஹேப்தான் காப்பாற்றினார். "கலர் பொய் இல்லை. ஆனா அது எங்கேயிருந்து வந்ததுன்னு சொல்ல நானூறு வருஷக் கதை ஆகும்."

அந்தக் கதையைத்தான் மூன்று மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் பி.காம். விஞ்ஞானம் பத்தாம் வகுப்போடு சரி. தப்பிருந்தால் விஷயம் தெரிந்தவர்கள் திருத்துங்கள். ஆனால் படிக்கப் படிக்க இது எனக்குப் பழக்கமான விவகாரம் மாதிரியே தோன்றியது. பேங்கில் வேலை பார்ப்பவர்களுக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தொகை வந்திருக்கும், யாருடையது என்று தெரியாது. அக்கவுண்ட் நம்பர் தப்பாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. வந்த பணத்தை வரவு வைக்காமலும் இருக்க முடியாது. அதனால் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு தனிக்கணக்கில் நிறுத்தி வைப்போம். நெபுலாக்களின் சரித்திரம் என்பது அப்படி ஒரு கணக்கின் சரித்திரம்.

ஓரியன் நெபுலாவை 1610-ல் பிரான்சில் பெய்ரெஸ்க் என்பவர் முதலில் டெலஸ்கோப்பில் பார்த்துக் குறித்தார். கலிலியோ அதே இடத்தைப் பார்த்து உள்ளே இருக்கும் நட்சத்திரங்களைக் குறித்தாரே தவிர, புகையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. 1656-ல் ஹாலந்துக்காரர் ஹைகன்ஸ் பார்த்து, படமாகவும் வரைந்தார். ஆனால் ஒழுங்காக லெட்ஜர் போட்டவர் சார்லஸ் மெஸ்ஸியர்.

இந்த மெஸ்ஸியர் நம்ம ஆள். 1751-ல், 21 வயதில், பாரிசுக்கு வேலை தேடி வந்தார். கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காகவே கடற்படை வானியலாளர் டெலில் அவரைக் குமாஸ்தாவாக வைத்துக்கொண்டார். நோட்டில் எழுதுவதுதான் உத்தியோகம். எழுதிக்கொண்டே வானம் பார்க்கக் கற்றுக்கொண்டார். அவருக்குப் பித்து வால் நட்சத்திரங்கள் மேல். 1758 ஆகஸ்டில் ரிஷப ராசிப் பக்கம் ஒரு வால் நட்சத்திரத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தபோது வேறு ஒரு மங்கலான திட்டு கண்ணில் பட்டது. பார்த்தால் வால் நட்சத்திரம் மாதிரியே இருக்கிறது, ஆனால் நகரமாட்டேன் என்கிறது. இப்படி ஏமாற்றும் திட்டுகளை எல்லாம் ஒரு பட்டியல் போட்டுவிட்டால் தேடுகிறவர்களுக்கு நேரம் மிச்சம் என்று ஆரம்பித்தார். அந்த முதல் திட்டுதான் எம்1. ஓரியன் நெபுலா எம்42. 1774-ல் வந்த முதல் பட்டியலில் 45 பதிவு, 1781-ல் 103.

யோசித்துப் பாருங்கள். உலகத்தின் மிகப் பிரபலமான நெபுலா பட்டியல், 'இவை எதுவும் நான் தேடுவது இல்லை' என்பதற்காக எழுதப்பட்டது. அவர் ஆயுசெல்லாம் கண்டுபிடித்த வால் நட்சத்திரங்களின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஒதுக்கி வைத்த பட்டியல்தான் நின்றது.

1781 டிசம்பரில் அந்தப் பட்டியல் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் கைக்குப் போனது. அதே வருஷம் மார்ச்சில் யுரேனஸைக் கண்டுபிடித்திருந்த சங்கீத வாத்தியார். தானே கண்ணாடி தேய்த்து டெலஸ்கோப் செய்பவர். 1783-ல் ஆரம்பித்து 1802 வரை வானத்தைப் பட்டை பட்டையாகத் துழாவி, 2500 பதிவுகள் போட்டார். போட்டார் என்று எழுதுகிறோம். அவர் ஏணியில் நின்று இருட்டில் கண்ணை வைத்துக்கொண்டு கத்துவார். கீழே ஜன்னல் ஓரம் விளக்கு, கடிகாரம், நட்சத்திர அட்டவணை வைத்துக்கொண்டு எழுதியவர் தங்கை கரோலின். மறுநாள் பகலில் அத்தனையையும் கணக்குப் போட்டு, சுத்தமாகப் பிரதி எடுத்ததும் அவர்தான். 1783 டிசம்பர் 31 ராத்திரி, உருகிய பனியில் ஓடும்போது வழுக்கி விழுந்து, கருவியின் இரும்புக் கொக்கி முழங்காலுக்கு மேலே தொடையில் ஏறிவிட்டது. தூக்கியபோது சதை பிய்ந்து வந்ததாம். அப்புறம் அவர் எழுதி வைத்த ஆறுதல் என்ன தெரியுமா? அந்த ராத்திரி மீதி நேரம் மேகமாக இருந்ததால் அண்ணனுக்குப் பெரிய நஷ்டம் இல்லை! 1787 முதல் அரசர் அவருக்கு வருஷத்துக்கு 50 பவுண்டு சம்பளம் கொடுத்தார்.

ஹெர்ஷல் முதலில் நினைத்தது, எல்லாத் திட்டும் நட்சத்திரக் கூட்டம்தான், தூரத்தில் இருப்பதால் புகையாகத் தெரிகிறது, பெரிய டெலஸ்கோப் வைத்தால் பிரிந்துவிடும் என்று. பல திட்டுகள் அப்படிப் பிரியவும் செய்தன. 1790 நவம்பர் 13-ம் தேதி ராத்திரி, ரிஷப ராசியில் ஒரே ஒரு நட்சத்திரமும் அதைச் சுற்றி வட்டமாக மங்கலான ஒளியும் கண்டார். அந்த ஒளி நட்சத்திரக் கூட்டம் என்றால் நடுவில் இருப்பது நம்ப முடியாத ராட்சசன், அல்லது சுற்றி இருப்பவை நம்ப முடியாத பொடிகள். இரண்டும் ஒப்பவில்லை. மறு வருஷமே கட்டுரை எழுதி, வானத்தில் ஒளிவிடும் திரவம் மாதிரி ஏதோ ஒன்று இருக்கிறது, நட்சத்திரம் அதிலிருந்து உருவாகலாம் என்று தன் பழைய நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார். ஐம்பது வயதுக்கு மேல், பேரும் புகழும் வந்த பிறகு, தன் என்ட்ரியைத் தானே ரிவர்ஸ் செய்ய எத்தனை பேருக்கு மனசு வரும்?

அடுத்து வருவது எனக்குக் கொஞ்சம் உறுத்தும் பகுதி. அதற்கு முன் ஒரு சொந்தக் கதை.

நான் ஆபீசர் ஆன புதிதில், வடக்கே ஒரு சின்னக் கிளையில் இருந்தேன். சஸ்பென்ஸில் 11,460 ரூபாய் ஒன்று மாதக்கணக்கில் தொங்கியது. பெயர் மட்டும் இருந்தது, நம்பர் இல்லை. ஆடிட் வருகிறது, மேலே இருந்து தினம் போன். அதே பெயரில் எங்கள் கிளையில் ஒரு வாடிக்கையாளர் இருந்தார், அவருக்கும் எங்கிருந்தோ பணம் வரவேண்டி இருந்தது. தொகைகூட ஏறக்குறைய ஒத்துவந்தது. சரி என்று அவர் கணக்கில் வரவு வைத்தேன். டேலி ஆனது. ஆடிட்டர் டீ குடித்துவிட்டுப் போனார். எட்டு மாதம் கழித்து ஒரு கிழவர் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் பியூனாக இருந்து ஓய்வு பெற்றவர். பணம் அவருடையது. இவர் கணக்கிலிருந்து அதற்குள் பணம் போய்விட்டது. திரும்ப வாங்கிக் கிழவர் கையில் கொடுக்க ஒரு வருஷம் ஆனது. மெமோ வந்ததை விடுங்கள். அந்த ஒரு வருஷமும் வாரம் ஒரு தடவை அவர் வந்து, எதுவும் கேட்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அதுதான் மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அயர்லாந்தில் பர் கோட்டையில் ரோஸ் பிரபு 1845-ல் ஒரு டெலஸ்கோப் கட்டினார். கண்ணாடியின் விட்டம் 72 அங்குலம், ஆறடி! செம்பும் தகரமும் கலந்த உலோகம், ஏறக்குறைய மூன்று டன். அந்த வசந்தத்திலேயே எம்51 என்ற திட்டு சுழி மாதிரி இருப்பதைக் கண்டு வரைந்தார். சில மாதத்தில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தது. அவர் கவனம் நிவாரண வேலைக்குப் போனது. ஆனால் வெளியே ஒரே எதிர்பார்ப்பு. நட்சத்திரங்களும் கிரகங்களும் மேகத்திலிருந்து உருவாயின என்ற லாப்லாஸின் கொள்கை மதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நடுவில் பெரிய சண்டையாகி இருந்த காலம். ஓரியன் நிஜமாகவே மேகமா, நட்சத்திரக் குவியலா என்பதைப் பொறுத்து ஒரு கட்சி ஜெயிக்கும். 1846 மார்ச்சில் கிளாஸ்கோவில் இருந்த நிகோல் என்பவருக்கு ரோஸ் பிரபு கடிதம் எழுதினார்: ஓரியன் நெபுலா நட்சத்திரங்களாகப் பிரிவதில் சந்தேகம் இல்லை. மறு வருஷம் அமெரிக்காவில் ஹார்வர்டின் பாண்டும் தன் 15 அங்குல டெலஸ்கோப்பில் அதையே சொன்னார். இரண்டு கையெழுத்து விழுந்தாயிற்று. மேகக் கொள்கையைத் தூக்கிப்பிடித்த நிகோலே இறங்கி வந்தார். கணக்கு மூடப்பட்டது.

அவர்கள் பொய் சொல்லவில்லை, அதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஓரியன் நெபுலாவுக்குள் நட்சத்திரங்கள் நிஜமாகவே இருக்கின்றன, ஆயிரக்கணக்கில். அவர்கள் பார்த்தது சரியான நட்சத்திரங்களைத்தான். பார்த்ததை வைத்து மொத்தத் தொகையையும் அந்தத் தலைப்பிலேயே வரவு வைத்தார்கள். பெயர் ஒத்துவந்தது, தொகை ஏறக்குறைய ஒத்துவந்தது. எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

பதினெட்டு வருஷம் அது அப்படியே இருந்தது. திருத்தியவர் ஒரு துணி வியாபாரி. வில்லியம் ஹக்கின்ஸ், லண்டனில் குடும்பத்துப் பட்டு, ஜவுளிக் கடையை விற்றுவிட்டு, டல்ஸ் ஹில் என்ற இடத்தில் வீட்டோடு ஒரு வானாய்வுக் கூடம் கட்டிக்கொண்டவர். காலேஜ் வாசல் மிதிக்காதவர். 1859-60ல் ஜெர்மனியில் கிர்க்காஃப், புன்சன் இருவரும் ஒரு பொருளின் ஒளியை முப்பட்டகக் கண்ணாடியில் பிரித்தால் அது எந்தப் பொருள் என்று கண்டுபிடித்துவிடலாம் என்று காட்டியிருந்தார்கள். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனிக் கோடுகள், கைரேகை மாதிரி. பக்கத்து வீட்டு வேதியியல் பேராசிரியர் மில்லரோடு சேர்ந்து ஹக்கின்ஸ் இதை நட்சத்திரங்களில் முயன்று பார்த்துக்கொண்டிருந்தார்.

1864 ஆகஸ்ட் 29. டிராகோ என்ற பகுதியில் ஒரு சின்ன வட்ட நெபுலாவுக்குக் கருவியைத் திருப்பினார். நட்சத்திரம் என்றால் வானவில் மாதிரி பட்டை தெரியும், நடுநடுவே கறுப்புக் கோடுகளோடு. இங்கே பட்டையே இல்லை. ஒரே ஒரு ஒளிக்கோடு. கருவியில் ஏதோ இடம் மாறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். சரிபார்த்தார். கருவி சரியாகவே இருந்தது. இன்னும் கவனித்ததில் பக்கத்தில் மேலும் இரண்டு மங்கலான கோடுகள். அவ்வளவுதான். கோடு கோடாக ஒளி விடுவது சூடான வாயு மட்டுமே. அடுத்து ஓரியன் நெபுலாவைப் பார்த்தார், அங்கேயும் அதே கோடுகள். கண்ணால் பார்த்துச் சண்டை போட்ட எண்பது வருஷ வழக்கு, கண் பார்க்காத ஒரு சாட்சியால் தீர்ந்தது. ஹெர்ஷல் 1791-ல் மாற்றிக்கொண்டதுதான் சரி.

ஆனால் ஆந்திரோமெடா நெபுலாவை ஹக்கின்ஸ் பார்த்தபோது கோடு இல்லை, பட்டைதான். அது நட்சத்திரக் கூட்டம், நம் பால்வீதிக்கே வெளியில் இருக்கும் இன்னொரு கேலக்ஸி என்று நிரூபணமாக 1920களில் எட்வின் ஹபிள் வரவேண்டியிருந்தது. இன்று 110 என்று எண்ணப்படும் மெஸ்ஸியர் பட்டியலில் 40 கேலக்ஸிகள். ஒரே சஸ்பென்ஸ் கணக்கில் இரண்டு வேறு வியாபாரம் நடந்திருக்கிறது.

ஹக்கின்ஸ் கதை முடியவில்லை. அந்த மூன்று கோடுகளில் ஒன்று ஹைட்ரஜன். மற்ற இரண்டும், அதிலும் எல்லாவற்றிலும் பிரகாசமான அந்தப் பச்சைக் கோடு, யாருடையது? முதலில் நைட்ரஜன் என்று நினைத்தார். துல்லியமாக அளந்தபோது ஒட்டவில்லை. பூமியில் தெரிந்த எந்தப் பொருளின் கோட்டோடும் ஒட்டவில்லை. அதனால் புதிதாக ஒரு தனிமம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு 'நெபுலியம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். சஸ்பென்ஸுக்குள் இன்னொரு சஸ்பென்ஸ்.

சிரிக்க வேண்டாம், அதற்கு முன்னுதாரணம் இருந்தது. அதுவும் நம் ஊர்ப் பக்கம். 1868 ஆகஸ்ட் 18-ம் தேதி முழு சூரிய கிரகணத்தைப் பார்க்க பிரெஞ்சுக்காரர் ஜான்சன் குண்டூருக்கு வந்து கருவி வைத்தார். அந்தக் கிரகணத்தில் சூரிய விளிம்பின் ஒளியில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அதே அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்கியர் அதை அளந்து, இது சோடியம் இல்லை என்றார். அதற்கு ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள், பலர் கேலி செய்தார்கள். 1895-ல் ராம்சே ஒரு தாதுக்கல்லிலிருந்து ஹீலியத்தைப் பூமியிலேயே பிடித்துக் காட்டினார். அப்புறம் நெபுலியத்தை யார் சந்தேகிப்பார்கள்?

சங்கடம் 1913-க்குப் பிறகு வந்தது. தனிமங்களுக்கு அணு எண் உண்டு என்று மோஸ்லி காட்டிவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண். லேசான தனிமங்களில் எந்த எண்ணும் காலி இல்லை. வாடிக்கையாளர் பட்டியலில் இல்லாத ஆள் பெயரில் கணக்கு ஓடுகிறது.

1927-ல் கலிபோர்னியாவில் ஐரா போவன் என்ற இளம் இயற்பியலாளர் இதை முடித்தார். ஆய்வகத்திலிருந்து ராத்திரி வீட்டுக்கு வந்து, படுக்க உடை மாற்றிக்கொண்டிருக்கும்போது தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பச்சைக் கோடு புதுத் தனிமம் இல்லை. ஆக்ஸிஜன். நாம் மூச்சு விடும் அதே ஆக்ஸிஜன், இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த நிலையில்.

அப்படியென்றால் பூமியில் ஏன் யாரும் அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை? எனக்குப் புரிந்த வரை சொல்கிறேன். அந்த அணு உசுப்பப்பட்டால், வாங்கிய சக்தியைப் பச்சை ஒளியாகத் திருப்பிக் கொடுக்க சராசரியாக அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அணுக்கள் சாதாரணமாகக் கோடிக்கணக்கான பங்கு நொடியில் கொடுத்துவிடும். பூமியில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் இரண்டுக்குப் பின்னால் 19 சைபர் போடும் அளவுக்கு மூலக்கூறுகள் நெரிசலாக இருக்கின்றன. அரை நிமிடத்துக்குள் எத்தனையோ தடவை யாராவது வந்து மோதி சக்தியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எஃப்.டி. முதிர்வதற்குள் உடைத்துவிடுகிற மாதிரி. ஓரியன் நெபுலாவின் பளிச்சென்ற நடுப்பகுதியில்கூட ஒரு கன சென்டிமீட்டரில் சில ஆயிரம் அணுக்கள்தான். அன்றைய ஆய்வக வெற்றிடம்கூட இதற்கு முன் தி.நகர் ரங்கநாதன் தெரு. அங்கே யாரும் இடிக்காததால் அணு பொறுமையாக உட்கார்ந்து, முதிர்வுத் தொகையைப் பச்சையாகக் கொடுக்கிறது. 63 வருஷம் தொங்கிய கணக்கு அன்றைக்குத்தான் சரியான தலைப்புக்குப் போனது.

நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன், போட்டோ. 1880 செப்டம்பர் 30-ம் தேதி நியூயார்க் டாக்டர் ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படம் எடுத்தார், 51 நிமிடம் ஒளி விட்டு. மனிதக் கண் ஒளியைச் சேமிக்காது. தகடு சேமிக்கும். இரண்டே வருஷத்தில் அவர் இறந்துபோக, அவர் மனைவி கொடுத்த பணத்தில் ஹார்வர்டில் தகடுகள் குவிந்தன. அவற்றைப் பார்த்து எழுத ஒரு பெண்கள் கூட்டம், மணிக்கு 25 சென்ட் ரேஞ்சில் கூலி. அதில் ஒருவர் வில்லியமினா ஃபிளெமிங். ஸ்காட்லாந்திலிருந்து வந்து, கர்ப்பமாக இருக்கும்போது கணவர் விட்டுவிட்டுப் போக, ஹார்வர்டு வானாய்வு இயக்குநர் பிக்கரிங் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர். 1888-ல் எடுத்த ஒரு தகட்டில், அந்த மூன்று நட்சத்திர வரிசையின் கிழக்கு ஓர நட்சத்திரத்துக்குத் தெற்கே, ஒளிப்புகையில் அரைவட்டமாக ஒரு வெட்டு இருப்பதைக் கண்டு குறித்தார். இன்று காலண்டர், டி-ஷர்ட் எல்லாவற்றிலும் வரும் குதிரைத்தலை நெபுலா அதுதான். 1895-ல் டிரையர் வெளியிட்ட பெரிய பட்டியலில் ஃபிளெமிங் பெயர் விட்டுப்போய், கண்டுபிடித்தவர் பிக்கரிங் என்று ஆனது. 1908-ல் வந்த அடுத்த பட்டியலில்தான் அவர் பெயர் வந்தது. 1900-ல் அவர் எழுதிய டைரி இருக்கிறது. ஆண்களுக்கு 2500 டாலர், எனக்கு 1500 டாலர் என்று சம்பளக் கணக்கைப் போட்டு வருத்தப்பட்டிருக்கிறார். இதைப் படித்த அன்று கவுன்டரில் எனக்கு வேலை ஓடவில்லை. வவுச்சர் எழுதியவர் ஒருவர், இனிஷியல் போடுபவர் ஒருவர் என்பது எங்கள் தொழிலிலும் உண்டு.

அந்தக் கறுப்பு வெட்டு ஓட்டை இல்லை, பின்னால் இருக்கும் ஒளியை மறைக்கும் தூசி மேகம் என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது. 1970-ல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் மூவரும் ஓரியன் திசையில் ரேடியோ அலையில் கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடித்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, நாம் பார்க்கும் நெபுலா ஒரு மிகப் பெரிய இருட்டு மேகத்தின் முன்பக்கத்துக் கொப்புளம் மட்டும். பின்னால் இருப்பது உறைந்துபோகும் குளிர். அங்கேதான் வாயு தன் பாரத்திலேயே சுருங்கி நட்சத்திரம் ஆகிறது. நெபுலாவுக்குள் இளம் நட்சத்திரங்களைச் சுற்றி, கிரகங்கள் உருவாகக்கூடிய தூசித் தட்டுகளை 1990களில் ஹபிள் தொலைநோக்கி நேராகவே படம் பிடித்தது. நிகோல் உயிரோடு இருந்திருந்தால் பாவம், சந்தோஷப்பட்டிருப்பார்.

இப்போது கலருக்கு வருவோம். என் பெண் கேட்டது இதைத்தானே.

தகடுகள் கறுப்பு வெள்ளை. 1970களின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் டேவிட் மாலின் என்பவர் ஒரே இடத்தை சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளில் தனித்தனியாகக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, பிறகு சேர்த்து வண்ணப்படம் செய்தார். அது ஏறக்குறைய இயற்கை நிறம். 1995 ஏப்ரல் 1-ம் தேதி ஹபிள் எடுத்த 'படைப்பின் தூண்கள்' வேறு ரகம். ஹெஸ்டர், ஸ்கோவன் இருவரும் கழுகு நெபுலாவை மூன்று குறிப்பிட்ட கோடுகளின் ஒளியில் மட்டும் எடுத்து, கந்தகத்துக்கு சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம் என்று ஒதுக்கினார்கள். நிஜத்தில் ஹைட்ரஜனின் அந்தக் கோடு சிவப்பு, கந்தகமும் சிவப்பு. இரண்டையும் சிவப்பிலேயே போட்டால் வித்தியாசம் தெரியாது. வரவுக்குக் கறுப்பு மை, பற்றுக்கு சிவப்பு மை என்று நாங்கள் எழுதினோமே, ரூபாய் நோட்டு என்ன கறுப்பிலும் சிவப்பிலுமா இருந்தது? 2022-ல் ஜேம்ஸ் வெப் எடுத்த அதே தூண்களின் படம் அகச்சிவப்பில். கண்ணுக்குத் தெரியவே தெரியாத ஒளி, அதற்கு 'நிஜ' நிறம் என்று ஒன்று கிடையாது.

ஆக, என் தீர்ப்பு: படம் பொய் இல்லை. ஆனால் எந்த நிறம் எதற்கு என்று கீழே குறிப்பு போடாமல் போஸ்டர் அச்சடித்து விற்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. நரேஷன் இல்லாத என்ட்ரியை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார் :-)

கண்ணுக்கு ஏன் சாம்பலாகத் தெரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்யும் கண் செல்களுக்கு நிறம் தெரியாது, சிவப்பு அறவே எட்டாது. ஆனால் அவை அதிகம் உணரும் ஒளி 500 நானோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. போவனின் அந்த ஆக்ஸிஜன் கோடு 500.7. நாங்கள் ரண்ணுக்குப் பக்கத்தில் பார்த்த சாம்பலில் பெரும் பங்கு, ஹக்கின்ஸைக் குழப்பிய அதே கோடுதான். சுமார் 1340 வருஷம் பயணம் செய்து வந்த ஒளி. நல்ல இருட்டில், நல்ல கண்ணுக்கு, நடுப்பகுதி லேசாகப் பச்சையாகவே தெரியும் என்று படித்தேன்.

பிப்ரவரி அமாவாசைக்கு மறுபடி போனோம். இந்தத் தடவை பெண் இருபது நிமிடம் போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு அப்புறம்தான் கண்ணை வைத்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை. "நடுவுல பச்சையா இருக்குப்பா. லேசா. நெஜமாவே." நான் பார்த்தேன். எனக்குச் சாம்பல்தான். நாற்பத்தைந்து வயதுக் கண். சாஹேப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

அவரிடம் ஒரு பழைய நோட்டு உண்டு. தேதி, நேரம், பார்த்தது, பார்த்தவர். அதையும் சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சையும் அவளிடம் கொடுத்தார். எம்42, நடுவில் பச்சை என்று எழுதி, கடைசிக் கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். சாஹேப் நோட்டை வாங்கி, அடுத்த வரியில் 'எனக்குத் தெரியவில்லை' என்று குஜராத்தியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார்.